இரைச்சலின் நடுவே இறைவனோடு

மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் தூரத்தை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். பகலில் 50 டெசிபலுக்கும் இரவில் 40 டெசிபலுக்கும் மேல் அங்கு ஒலி எழக்கூடாது. அதற்கான பலகை நம் வாயிலிலும் இருக்கிறது. ஆயினும் உள்ளே வந்தவர்கள் அறிவார்கள்: டோக்கன் எண்ணைக் கூவும் குரல், ஸ்ட்ரெச்சர் சக்கரங்களின் ஓசை, விடாமல் ஒலிக்கும் கைப்பேசி, அடுத்த கட்டிலில் முனகல். இவற்றைக் காட்டிலும் பெரிய இரைச்சல் ஒன்று உண்டு. அது உறங்காத மனத்தின் இரைச்சல்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருந்த ஒரு தாய் அண்மையில் எங்களிடம் கேட்டார்: “ஐயா, நாலு நாளா ஒரு ஜெபங்கூட முழுசாச் சொல்ல முடியலை. கண்ணை மூடினா அந்த மிஷின் சத்தந்தான் கேக்குது. கடவுள் கோவிச்சுக்குவாரா?”

அவருடைய கேள்வி இந்த இதழை வாசிக்கும் பலருடைய கேள்வியாகவும் இருக்கலாம். ஆதலால் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் துறவு மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் வாழ்ந்தார். இளமையில் போர்வீரராக இருந்து, காயமுற்று, கால் ஊனமானவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. இயல்பாகவே அவருக்கு அவ்வேலை பிடிக்காது. பாத்திரங்களின் ஓசைக்கிடையே, ஒரே நேரத்தில் பலர் பலவற்றைக் கேட்டு அழைக்கும் இடம் அது. ஆனால் ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும்போது எவ்வளவு அமைதியோடு இறைவனோடிருந்தாரோ, அவ்வளவு அமைதியோடு அந்த அடுப்படியிலும் இருக்கக் கற்றுக்கொண்டார். அது ஒரே நாளில் வந்ததன்று. தொடக்கத்தில் பல ஆண்டுகள் அவர் மனவேதனையோடு போராடினார்.

ஜெபத்தில் மனம் அலைகிறதே என்று வருந்தியவர்களுக்கு அவர் கூறிய அறிவுரை எளிமையானது. மனம் விலகிச் சென்றதை அறிந்தவுடன் பதறாமல், தன்னைக் கடிந்துகொள்ளாமல், மெல்ல அதை இறைவனிடம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மீண்டும் விலகினால் மீண்டும் திருப்ப வேண்டும். இவ்வாறு திரும்பி வருவதும் ஜெபமே.

தனித்திருக்கும் நேரமும் நமக்குத் தேவை. கப்பர்நகூமில் ஒருநாள் மாலை, ஊரார் அனைவரும் நோயாளிகளோடு வாசலில் திரண்டிருக்க, இயேசு அநேகரைக் குணமாக்கினார் என்று மாற்கு எழுதுகிறார். மறுநாள் இருட்டோடே எழுந்து, தனிமையான ஓரிடத்திற்குச் சென்று அவர் ஜெபித்தார். அங்கும் அவரைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். கிடைத்த நேரம் சிறிதே; ஆயினும் அதை அவர் தவறவிடவில்லை.

படுக்கையில் இருப்பவர்களுக்கும் துணையிருப்பவர்களுக்கும் நாங்கள் கூற விரும்புவது இதுதான். நீண்ட ஜெபம் இயலாதபோது ஒரு சொல் போதும். மூச்சை உள்ளிழுக்கையில் இறைவன் பெயரையும், வெளிவிடுகையில் நோயுற்றவரின் பெயரையும் மனத்தில் சொல்லுங்கள். மருந்தக வரிசையில் நிற்கும் நேரம், கைகழுவும் நேரம், விடியற்காலையில் வார்டு விழித்தெழுமுன் கிடைக்கும் ஐந்து நிமிடம் ஆகியவை இதற்குப் போதுமானவை. சொல்லும் வரவில்லையெனில் சும்மா இருங்கள். எந்தச் சமயத்தவராயினும் எங்கள் ஜெப அறையில் வந்து அமரலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வமைதி மருந்துக்கு மாற்று அன்று. நோய் நீங்கும் என்பதற்கு உறுதிச்சீட்டும் அன்று. உறக்கமின்மையோ அச்சமோ தாங்க முடியாததாகுமானால் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லத் தயங்காதீர்கள். உடனிருப்பவர் உண்பதும் உறங்குவதும் கடமையே. உதவி கேட்பது விசுவாசக் குறைவாகாது.

அன்று அந்தத் தாயின் அருகில் நாங்கள் பேசாமல் அமர்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்து மானிட்டர்களின் ஒலி கேட்டது. சிறிது நேரங்கழித்து அவரே சொன்னார்: “அந்தச் சத்தம் நிக்காம இருக்கணும்னுதானே ஐயா நானும் கேட்டுட்டிருக்கேன்.”

அதன்பின் அவர் அவ்வொலியை விலக்க முயலவில்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும் மகனை இறைவனிடம் ஒப்படைத்தார். மகன் இப்போது வார்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறான். நலம்பெற இன்னும் பல நாள் ஆகும். தாய் இரவில் சற்று உறங்குகிறார்.

உங்கள் கட்டிலருகே எழும் ஓசைகளுக்கு நடுவிலும் இறைவன் உங்களோடு இருப்பாராக.