மிளகு இலை மஞ்சளித்தால்

சேலத்தை அடுத்த அடிவாரத்தினின்று ஏற்காடு செல்லும் அன்பர்கள், காப்பித் தோட்டங்களில் நிழலுக்கென வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அக்கொடியின் இலை மஞ்சளித்தவுடன் எருவைக் கொட்டுவது நம்மில் பலருடைய வழக்கம். பசிதான் என்று எவ்வாறு அறிந்தோம்? பசியாயினும் எந்தப் பசி?

முற்றிய இலை முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. அதன் நுனியும் ஓரமும் தீய்ந்தால் சாம்பல் சத்துக் குறைவு. நரம்பு பச்சையாயிருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளிப்பது முற்றிய இலையிலாயின் மக்னீசியக் குறைவு. கொழுந்திலாயின் இரும்புக் குறைவு. தழை, சாம்பல், மக்னீசியம் ஆகியவற்றைக் கொடி தன் பழைய இலையினின்று எடுத்துக் கொழுந்துக்கு ஊட்டிவிடும். இரும்பு அவ்வாறு எளிதில் இடம்பெயராது.

இவையன்றி நோயும் உண்டு. மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி பரவி, கொடி சில வாரங்களில் சாய்ந்தால் அது வாடல் நோய். நீர் தேங்காதபடி வடிகால் அமைத்து, மழைக்கு முன்பே போர்டோ கலவை தெளித்தல் வேண்டும். 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ என்பது அளவு. வேரில் முடிச்சுகள் காணின் நூற்புழுவின் வேலை.

வேர் கெட்ட கொடிக்கு இடும் எரு, உண்ணமாட்டாத நோயாளிமுன் படைத்த விருந்தேயாகும். கொடி மடிந்தால், புதிது நட்டுப் பலன் காண 3 ஆண்டுகளேனும் காத்திருக்க வேண்டும். ஆகவே, எரு மூட்டையை அவிழ்க்குமுன் சிறிது மண்ணை விலக்கி வேரைப் பார்ப்போமாக!