ஒரு பக்கம் மட்டும் பாடும் ஹெட்போன்

"அண்ணே, ஒரு பக்கம் கேக்க மாட்டேங்குது."

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் செல்போன் கடைக்கு இயர்போனோடு வரும் பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இதுதான். கிடைக்கும் பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "புதுசு வாங்கிக்கப்பா." நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு இயர்போன்கள் சரம்சரமாகத் தொங்கும் கடையில் பழையதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பழைய இயர்போனில் கெட்டிருப்பது பெரும்பாலும் ஒரே ஓர் இடம். காந்தம் நன்றாக இருக்கும், சவ்வு நன்றாக இருக்கும், கம்பிச் சுருளும் நன்றாக இருக்கும். எங்கோ ஒரு வளைவில் மெல்லிய செப்புக் கம்பி மட்டும் அறுந்திருக்கும். அந்த இடத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு பக்கம் போனால் சத்தம்தான் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டே மாறிவிடுகிறது என்பதுதான் உண்மை. இடப்பக்கம் இருந்து வரும் ஒலி வலது காதைச் சற்றுத் தாமதமாகவே தொடும். அந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு நொடியில் சுமார் 1,500இல் ஒரு பங்குதான். அந்தச் சின்ன வித்தியாசத்தையும், இரு காதுகளுக்கும் கிடைக்கும் ஒலியின் அளவையும் வைத்தே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கணக்கிடுகிறது. இந்தத் திறமையைக் கருவிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன். ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு அவர் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தமிழில் 1978இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்களைத்தான் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று சொல்வார்கள். இளையராஜா ஒரு வாத்தியத்தை இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் வைத்திருந்தால், ஒரு காதில் கேட்பவருக்கு அந்த இன்னொன்று இல்லவே இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டுகிறோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலிருந்து 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும்.

கம்பியைத் தேடும் முன் காதைப் பார்க்க வேண்டும். இடது இயர்போனை வலது காதிலும், வலது இயர்போனை இடது காதிலும் மாற்றி வையுங்கள். மௌனம் மறு காதுக்கு மாறினால் குற்றம் கருவியில். மாறாமல் அதே காதிலேயே நின்றால் குற்றம் காதில். குறும்பி அடைத்திருக்கலாம், அது சாதாரண விஷயம். ஆனால் நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென்று மந்தமானால் அது அவசரம். உள்காது நரம்பு சார்ந்த திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு முதல் சில நாட்களிலேயே சிகிச்சை தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் கழித்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

காது சரி என்றால் அடுத்தது போன். அதே இயர்போனை வேறொரு போனில் செருகிப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் கேட்டால் உங்கள் போனின் அணுகல்தன்மை அமைப்பில் இடது வலது அளவைக் காட்டும் கோடு ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். போனின் துளையில் சட்டைப்பை நூலும் தூசியும் சேர்ந்து இறுகிப்போய், இயர்போனின் முனை கடைசி வரை உள்ளே போகாமல் நிற்பதும் உண்டு. போனை அணைத்துவிட்டு, மரக்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுக்கலாம். ஊசியும் சேஃப்டி பின்னும் வேண்டாம். ஒரு பக்கம் முழுதாகப் போகாமல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்திருந்தால் இயர்போனின் வலையில் குறும்பி படிந்திருக்கும். வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் காய்ந்த நிலையிலேயே தட்டுங்கள். தண்ணீர் படக் கூடாது.

ஒயர் இல்லாத இயர்பட்களில் கதை வேறு. பேசாத பக்கம் பெரும்பாலும் சார்ஜ் ஏறாத பக்கமாக இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் உலோகப் புள்ளிகளையும், இயர்பட்டின் அடியில் இருக்கும் புள்ளிகளையும் பஞ்சால் துடைத்து, போனிலிருந்து நீக்கி, மறுபடி இணைத்துப் பார்க்கலாம். உள்ளே பேட்டரி ஓய்ந்துவிட்டால் செய்வதற்கு அதிகம் இல்லை. பசை போட்டு ஒட்டிய கூடு அது, திறந்தால் உடைகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அந்த உரிமை இந்தச் சின்னக் கூட்டுக்குள்ளும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒயர் உள்ள இயர்போனுக்கு வருவோம். போனில் செருகும் அதன் முனைக்குப் 'பின்' என்று பெயர்; 3.5 மில்லிமீட்டர் தடிமன். கருப்பு வளையங்கள் அதைத் தனித்தனி உலோகத் துண்டுகளாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு. அதற்கு அடுத்தது வலது காதுக்கு. மூன்று துண்டுகள் இருந்தால் கடைசி கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. மைக் உள்ளதில் துண்டுகள் நான்கு. இன்று வரும் பெரும்பாலானவற்றில் மூன்றாவது கிரவுண்ட், கடைசி மைக்.

சில நேரம் ஒரு விசித்திரமான பழுது வரும். இரண்டு பக்கமும் கேட்கும், ஆனால் பாடுபவரைக் காணோம். வயலினும் எதிரொலியும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். கிரவுண்ட் அறுந்திருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. திரும்பும் வழி இல்லாததால் மின்சாரம் ஒரு காதின் சுருள் வழியாகப் போய் மறு காதின் சுருள் வழியாக வெளியேறுகிறது. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே சுருள்களை அசைக்கிறது. பாடகரின் குரல் இரு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் வித்தியாசம் பூஜ்யம்; குரல் மறைந்துவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் அடியோடு செத்திருந்தால் அந்தக் காதுக்குப் போகும் கம்பியோ, அந்தக் காதிலிருந்து திரும்பும் கம்பியோ அறுந்திருக்கிறது.

கம்பி ஏன் அறுகிறது? இழுத்ததால் மட்டும் இல்லை. வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி, செம்பு மெல்ல இறுகி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, ஒருநாள் முறிகிறது. 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே 50க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட ரயில் விபத்துக்குக் காரணம் என்ஜினின் அச்சு முறிந்தது. உலோகம் இப்படி ஏன் ஓய்ந்துபோகிறது என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. ரயில் அச்சுகளை வைத்து இதை முறையாக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர். போனைச் சுற்றி ஒயரை இறுக்கிப் பையில் போடும்போது அதே அயர்ச்சியைத்தான் செம்புக்குத் தருகிறோம். அதனால் முறிவு பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும்: பின்னை ஒட்டி, ஒயர் இரண்டாகப் பிரியும் இடத்தில், காதுக் கூட்டுக்குள் நுழையும் இடத்தில்.

பாட்டை ஓடவிட்டு அந்த இடங்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். கரகரவென்று வந்து வந்து போனால் முறிவு அங்கேதான். எதுவும் வராவிட்டால் மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து ஒரு முனையை கிரவுண்டிலும் மறு முனையை முதலில் பின்னின் நுனியிலும், பிறகு அதற்கு அடுத்த துண்டிலும் தொடுங்கள். நல்ல பக்கம் 16 அல்லது 32க்குப் பக்கத்தில் காட்டும். தொட்டதும் காதில் 'டிக்' என்று ஒரு சத்தமும் வரும். அறுந்த பக்கம் எண் எதுவும் காட்டாது.

இனி சால்டரிங். ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுகிறவரிடம் சால்டரிங் அயர்ன் கட்டாயம் இருக்கும். மைக் பின்னை மாற்றி மாற்றிப் பழகிய கை அது. இயர்போனைக் கொண்டுபோகச் செல்போன் கடையைவிட அவர் பட்டறைதான் சரியான இடம் என்பேன். முறிவு பின்னை ஒட்டி இருந்தால், அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒயரை வெட்டிவிட்டு, சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் புதிய பின்னை வைக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சை, செம்பு நிறக் கம்பிகள் வெறும் உலோகமாகத் தெரியும், ஈயம் ஒட்டாது. நிறமே எனாமல் பூச்சுதான். சால்டர் சுமார் 190 டிகிரியில் உருகிவிடும். எனாமல் கருக 350க்கு மேல் வேண்டும். நல்ல சூட்டில், பேஸ்ட் தொட்டு, அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை நிறுத்தி அதற்குள் கம்பியைச் சில நொடிகள் பிடித்தால் பூச்சு புகைந்து போகும். கம்பி வெள்ளையாகப் பளபளக்கும். நடுவில் ஓடும் நூல் இழைகள் பலத்துக்காக வைத்தவை. அவற்றை வெட்டிவிட வேண்டும். சிவப்பு பெரும்பாலும் வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட். எல்லா நிறுவனங்களும் இந்த வழக்கப்படி செய்வதில்லை. ஆகவே பூச்சு போன நுனிகளைப் பின்னோடு ஒட்டும் முன் மல்டிமீட்டரால் தொட்டு, எந்தக் கம்பி எந்தக் காதில் 'டிக்' என்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னின் மூடியை ஒயரில் முதலிலேயே கோத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மூடி மேசையில் கிடந்தால் மறுபடி அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.