ஒலியளவைக் கூட்டும் முன் ஒலிச்சமனைத் திருத்துவோம்

காரைக்காலில் பல வீடுகளில், பிரான்சிலுள்ள பிள்ளைகள் வாங்கித் தந்த, வைஃபை வழியே பாடும் சிறிய இசைப்பெட்டியைக் காண்கிறோம். வீட்டு முதியவர், “பாட்டுக் கேட்கிறது, வரிகள்தாம் புரியவில்லை” என்று ஒலியளவைக் கூட்டுகிறார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு குறைக்கின்றனர். இது முதியவரின் பிடிவாதமும் அன்று, பெட்டியின் பழுதும் அன்று. செவியின் இயல்பை அறிந்தால் இப்பூசலைப் பெரிதும் தவிர்க்கலாம்.

நலமான இளஞ்செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். உட்செவியிலுள்ள நத்தை வடிவச் சுருளின் நுழைவாயிற் பகுதி, உயர்ந்த சுருதி ஒலிகளை ஏற்கிறது. முதுமையில் முதலில் தேய்வன அங்குள்ள நுண்மயிர் உயிரணுக்களே. தேய்ந்தவை மீண்டும் வளர்வதில்லை. பல்லாண்டு படகு எஞ்சினருகே உழைத்த மீனவர்க்கும், தவிலிசையின் நடுவே வாழ்ந்த கலைஞர்க்கும் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் இக்குறை முன்னதாகவே தோன்றலாம்.

உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அலைவெண்களில் உள்ளது. க, ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் நுட்பங்கள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளன. ஆதலின் குரல் கேட்கும். ‘கல்’லா ‘பல்’லா என்பது விளங்காது. ஒலியளவைக் கூட்டினால் முழவின் அதிர்வும் சேர்ந்தே உயர்ந்து, மெல்லிய மெய்யொலிகளை மூடிவிடுகிறது.

இங்குதான் ஈக்வலைசர் எனப்படும் ஒலிச்சமனி பயன்படுகிறது. பெட்டியை இயக்கும் கைப்பேசிச் செயலியின் அமைப்புகளில் அது இருக்கும். சிலவற்றில் பாஸ், ட்ரெபிள் என இரண்டே இருக்கும். சிலவற்றில் ஐந்து அல்லது பத்துப் பட்டைகள் இருக்கும். பின்வரும் வரிசையில் முயலுங்கள்.

முதலில், பெட்டியை அறை மூலையிலிருந்து நகர்த்தி, கேட்பவரின் காது மட்டத்தில் வையுங்கள். மூலைச் சுவர்கள் தாழ்ந்த ஒலியைப் பெருக்கும். அடுத்து, எல்லாப் பட்டைகளையும் சுழியில் நிறுத்தி, பழகிய பாடல் ஒன்றை அளவான ஒலியில் இசைக்கச் செய்யுங்கள். பின்னர் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை 3 டெசிபல் குறையுங்கள். பலருக்கு இதுவே போதும். வேண்டுமாயின் 2,000 முதல் 4,000 வரையுள்ளவற்றை 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துங்கள். 6 டெசிபலுக்கு மேல் உயர்த்தினால் ஒலி கரகரக்கக்கூடும். மேலும், தேய்ந்த செவிக்கு மெல்லொலி கேளாது. ஆனால் சற்றே மிகுந்த ஒலியும் எரிச்சலூட்டும். எனவே சிறுசிறு படிகளாகவே மாற்றுங்கள். மாற்றியதை முதியவரே கேட்டுத் தீர்மானிக்கட்டும். இளையவரின் செவி அவர் செவிக்கு அளவுகோல் ஆகாது.

இரவில் ஒலியளவைக் குறைத்தால் தாழ்ந்த சுருதிகள் மறைந்து, இசை மெலிந்ததுபோல் தோன்றும். இது எல்லார் செவிக்கும் பொதுவான இயல்பு. 1933-இல் பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இதனை அளந்து காட்டினர். அப்போது ‘லவுட்னஸ்’ என்னும் அமைப்பை இயக்கினால், ஒலியளவைக் கூட்டாமலே நிறைவு கிட்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்க்கு வகுத்த எல்லை, வாரத்திற்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகும். 90 டெசிபலில் ஏறத்தாழ 4 மணி நேரமே எஞ்சும். குழந்தைகளுக்கு எல்லை இன்னும் குறைவு: 75 டெசிபல். தாத்தாவின் பெட்டியருகே அமர்ந்து பாடம் படிக்கும் பேரக்குழந்தையை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு கை தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச நேர்ந்தால், ஒலி மிகுதி என்று கொள்ளலாம்.

ஒலிச்சமனி இசைக்கு உதவும். வீட்டாரின் பேச்சைத் தெளிவாக்காது. பேச்சும் விளங்கவில்லையெனில் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். காதடைப்புக்குக் குறும்பி மட்டுமே காரணமாயின் எளிதில் நீக்கிவிடலாம்; பட்சையோ ஊக்கோ இட்டுக் குடையாதீர்கள். நரம்புக் குறையெனில், சோதனை வரைபடத்திற்கேற்ப ஒவ்வோர் அலைவெண்ணையும் தனித்தனியே திருத்தும் காதொலிக் கருவி உண்டு.

ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால் “சளியாக இருக்கும்” என்று காத்திராதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். முதற் சில நாள்களில் தொடங்கும் சிகிச்சையே மிகுந்த பயன் தரும்.