யார் சொன்னால் வாங்கிப் படிப்பீர்கள்?

2023ஆம் ஆண்டு மே மாதம், ஜப்பானிய அனிமே தொடர் ஒன்றின் ரசிகர் நடத்திவந்த ட்விட்டர் கணக்கில் ஒரு பதிவு வந்தது. இந்தப் புத்தகத்தைப் படியுங்கள், என்ன கதை என்று தேடிக்கூடப் பார்க்காதீர்கள், சின்னப் புத்தகம்தான், இப்போதே தொடங்குங்கள் என்பது அதன் சாரம். அமல் எல்-மோதாரும் மேக்ஸ் கிளாட்ஸ்டோனும் சேர்ந்து எழுதிய ‘திஸ் ஈஸ் ஹவ் யூ லூஸ் தி டைம் வார்’ என்ற அறிவியல் புனைகதைதான் அந்தப் புத்தகம். 2019இல் வெளியாகி, ஹியூகோ, நெபுலா விருதுகளை வாங்கி, வேண்டிய பரபரப்பெல்லாம் அடங்கிப்போயிருந்த குறுநாவல். அந்தப் பதிவுக்குப் பிறகு ஒரு சில நாட்களிலேயே அமேசானின் ஒட்டுமொத்த விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பதிப்பாளர் காசு கொடுத்துச் செய்த விளம்பரமில்லை. பதிவு போட்டவர் இலக்கிய விமர்சகருமில்லை. கணக்கின் கோமாளித்தனமான பெயரைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்திருப்பார்கள். ஆனால் அவரைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அவர் ரசனை தெரியும். எதற்கு உருகுவார், எதைக் கிண்டலடிப்பார் என்று வெகுநாளாகப் பார்த்துவந்தவர்கள். விருதுப் பட்டியல் செய்ய முடியாததை அந்தப் பழக்கம் செய்தது.

அந்தப் பழக்கத்தை இயந்திரத்தனமாகவாவது உண்டாக்க முடியுமா என்று இணையம் இருபது ஆண்டுகளாக முயன்றுவருகிறது. 2005இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலிருந்து டிம் ஸ்பால்டிங் தொடங்கிய லைப்ரரிதிங் தளத்தின் யோசனை எளிமையானது. உங்கள் அலமாரியில் உள்ளதையெல்லாம் பதிவுசெய்யுங்கள். அதே புத்தகங்களை வைத்திருக்கும் இன்னொருவரைத் தளம் காட்டும். அவரிடம் இருப்பதில் உங்களிடம் இல்லாதது எதுவோ, அதுதான் பரிந்துரை. உறுப்பினர்கள் காலமானவர்களின் அலமாரிகளையும் விட்டுவைக்கவில்லை. தாமஸ் ஜெஃபர்சனின் நூலகத்தை ஏற்றி வைத்திருப்பதால், அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதிக்கும் நமக்கும் பொதுவாக எத்தனை புத்தகம் என்று பார்த்துக்கொள்ளலாம். ‘அன்சஜஸ்டர்’ என்று ஒரு குறும்பும் அங்கே இருந்தது. பிடித்த புத்தகத்தைச் சொன்னால், அதை வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் இருக்கவே இருக்காத புத்தகங்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும்.

2007இல் வந்த குட்ரீட்ஸ் கூட்டத்தைப் பிடித்தது. 2013இல் அமேசான் அதை விலைக்கு வாங்கியது. இன்று ஒரு புத்தகத்தின் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதன் நட்சத்திரங்கள்தான், ஏமாற்றுவதும் அவைதான். ஒரு நட்சத்திரம் என்றால் பிடிக்கவில்லை, இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று என்றால் பிடித்திருந்தது என்பது குட்ரீட்ஸே கொடுத்திருக்கும் விளக்கம். ஆனால் பாதிப் பேர் மூன்றைச் சுமார் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்தாளர்கள் சிலர் மூன்றைப் பார்த்து முகம் வாடுவதும் அதனால்தான். போதாததற்கு, தொடர் நாவலின் மூன்றாம் பாகத்துக்கு வருகிறவர்கள் முதல் இரண்டையும் ரசித்தவர்கள். பிடிக்காதவர்கள் முன்பே கழன்றிருப்பார்கள். சராசரி ஏறத்தானே செய்யும்? மாறாக, பள்ளியில் பாடமாக வைத்த செவ்வியல் நாவலைக் கட்டாயத்தின் பேரில் படித்த மாணவர்கள் பழிதீர்த்துக்கொண்டிருப்பார்கள்.

தேர்ந்த வாசகர்கள் சராசரியைச் சட்டை செய்வதில்லை. நேராக இரண்டு, மூன்று நட்சத்திர மதிப்புரைகளுக்குப் போகிறார்கள். ‘நூறு பக்கம் ஆகியும் ஒன்றுமே நடக்கவில்லை, சும்மா மழையையும் தெருவையும் வர்ணித்துக்கொண்டிருக்கிறார்’ என்று ஒருவர் குறைபட்டிருந்தால், மழையும் தெருவும் பிடித்த இன்னொருவருக்கு அதைவிட நல்ல சிபாரிசு வேண்டியதில்லை. தனக்குப் பிடித்த எல்லாவற்றையும் தவறாமல் திட்டும் ஒருவரைக் கண்டுபிடித்துப் பின்தொடர்வதும் கெட்டிக்காரத்தனம்தான். அவர் மனம் மாறாதவரை, அவர் திட்டும் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

படிக்காமலே போடும் நட்சத்திரங்களும் உண்டு. ‘ஈட் பிரே லவ்’ எழுதிய எலிசபெத் கில்பர்ட், சைபீரியாவைக் களமாகக் கொண்ட ‘தி ஸ்னோ ஃபாரஸ்ட்’ நாவலை 2023 ஜூனில் அறிவித்தார். வெளியாக இன்னும் எட்டு மாதம் இருந்தது. உக்ரைன் போர் நடக்கும்போது ரஷ்யாவில் நடக்கும் கதையா என்ற கோபத்தில் நூற்றுக்கணக்கானோர் குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். ஒரு பக்கம்கூட யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கில்பர்ட் நாவலை வெளியிடாமல் நிறுத்திவைத்தார். அதே ஆண்டு டிசம்பரில், முதல் நாவல் வரவிருந்த ஒரு எழுத்தாளர் போலிக் கணக்குகள் தொடங்கி மற்ற அறிமுக எழுத்தாளர்களின் மதிப்பீட்டைக் குறைத்தது அம்பலமாகி, பதிப்பகம் அவரைக் கைவிட்டது.

இந்தச் சலிப்பில் பலர் போய்ச் சேர்ந்த இடம், லண்டனைச் சேர்ந்த நாடியா ஒடுனாயோ 2019இல் தொடங்கிய ஸ்டோரிகிராஃப். நட்சத்திரம் அங்கேயும் உண்டு, கால் கால் பங்காகக்கூடப் போடலாம். ஆனால் அதோடு வேறு கேள்விகளும் கேட்கும்: கதை இருண்டதா, வேடிக்கையானதா? வேகமா, நிதானமா? சம்பவங்கள் இழுத்துப்போகின்றனவா, பாத்திரங்களா? இரண்டு பேர் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கவும் வசதி உண்டு. ஒருவர் எழுதிய குறிப்பு, மற்றவர் அந்தப் பக்கத்துக்கு வரும்வரை திறக்காது. கொலைகாரன் யாரென்று உளறிக்கொட்டும் நண்பர்களை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ரெட்டிட்டில் பரிந்துரை கேட்கிறவர்களிடமும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ‘நல்ல புத்தகம் சொல்லுங்கள்’ என்றால், எல்லாருக்கும் தெரிந்த பத்துப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ‘சமீபத்தில் அப்பா தவறிவிட்டார். சாவே வராத, ஆனால் அசட்டுத்தனமும் இல்லாத நாவல் வேண்டும்’ என்று கேட்டால் யாரோ ஒருவர் யோசித்துப் பதில் எழுதுவார்.

தமிழில் இணையவழிப் புத்தகப் பேச்சு 2000களின் தொடக்கத்தில் யாஹூ குழுமங்களில் சூடுபிடித்தது. ராயர் காபி கிளப், மரத்தடி போன்ற பெயர்கள் பழைய ஆட்களுக்கு இன்னும் நினைவிருக்கும். 2019 டிசம்பரில் யாஹூ தன் குழுமங்களில் சேர்ந்திருந்ததை அழித்துவிட்டது. யாராவது தனியாகச் சேமித்து வைத்திருந்தால்தான் உண்டு. பிறகு வலைப்பூக்கள் வந்தன. ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ நாவல்களைத் தன் தளத்தில் நாளொரு அத்தியாயமாக வெளியிட்டபோது, கூடவே படித்தவர்கள் கடிதங்களில் அலசினார்கள். இன்று பேச்சின் பெரும்பகுதி முகநூலில் நடக்கிறது. அங்கே எழுதியவரும் படித்தவரும் நண்பர்கள் என்பதால் குறை சொல்ல நா எழுவதில்லை. ‘தவறவிடக்கூடாத நூல்’ என்ற வாக்கியத்துக்கு மதிப்பே போய்விட்டது. குட்ரீட்ஸில் வேறு சிக்கல். ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்தில் வெவ்வேறு விதமாகவும் சிதறிக்கிடக்கும். தளத்தில் ‘நூலகர்’ பொறுப்பேற்கும் தன்னார்வலர்கள்தான் அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும்.

பெயர் மறந்த புத்தகத்தைக் கண்டுபிடித்துத் தருவதற்கென்றே குட்ரீட்ஸில் ஒரு பெரிய குழு இயங்குகிறது. நீல அட்டை, கதையில் ஒரு நாய், எண்பதுகளில் படித்தது என்ற அளவுக்கே துப்புக் கொடுத்தாலும் யாராவது தேடத் தொடங்கிவிடுவார்கள். தமிழ் வாசகர்களின் துப்புகள் வேறு ரகம். வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதை வீட்டில் இருக்கும். முதல் சில அத்தியாயங்கள் போயிருக்கும். தலைப்பும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. படத்தோடு ஒரு பக்கத்தைப் பகிர்ந்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் கதையைப் படிப்பதில்லை. வரைந்த ஓவியர் ஜெயராஜா, மாயாவா, ம.செ.யா என்று கோடுகளைப் பார்த்து முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து எந்த இதழ், எந்தப் பத்தாண்டு என்று தேடத் தொடங்குகிறார்கள்.