உங்களுக்குத் தெரியுமா? – பள்ளிக்கூடப் பால்

● 1930-களில் பிரிட்டனில் மாட்டுக் காசநோய்க்கு ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் பலியானார்கள். குழந்தைகளே அதிகம். கிருமி வந்தது பால் வழியாக. நாம் காய்ச்சாத பாலைத் தொடமாட்டோம். அங்கே அப்போது பலர் கறந்ததை அப்படியே குடித்தார்கள். கழுத்தில் கட்டி கட்டியாகப் புறப்படும் கண்டமாலையும் கூன் விழுந்த முதுகும் பல பிள்ளைகளுக்கு இப்படி வந்தவைதான்.

● இந்த வகைக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று 1901-ல் லண்டன் மாநாட்டில் சொன்னவர் யார் தெரியுமா? காசநோய்க் கிருமியையே கண்டுபிடித்த ராபர்ட் கோச்! அவர் சொன்னது தவறு என்று முடிவுகட்ட, பிரிட்டிஷ் ராயல் கமிஷனுக்குப் பத்து வருடம் பிடித்தது.

● பள்ளிகளில் 1934-ல் அரைப் பென்னிக்கு மூன்றில் ஒரு பைண்ட் (சுமார் 190 மி.லி.) பால் கிடைத்தது. 1946-ல் அதுவும் இலவசமானது.

● பச்சைப் பாலா, பாஸ்டரைஸ் செய்த (கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கிய) பாலா? சூடாக்கினால் சத்து போய்விடும் என்று ஒரு கட்சி. 1930-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் 20,000 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். 5,000 பேருக்குப் பச்சைப் பால், 5,000 பேருக்குப் பாஸ்டரைஸ் செய்தது, மீதி 10,000 பேருக்கு ஒன்றுமில்லை. பிப்ரவரியில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை எடை பார்த்தார்கள். சோதனையைக் கெடுத்தது ஆசிரியர்களின் இளகிய மனசு! சீட்டுப் போட்டு எடுத்த பட்டியலை மாற்றி, நோஞ்சான் பிள்ளைகளைப் பால் வரிசையில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. உடுப்போடு எடை பார்த்தது இன்னொரு கோளாறு. வசதியான வீட்டுப் பிள்ளையின் கனத்த குளிர்கால உடுப்பு ஜூனில் கழன்றுவிடும். ஏழைப் பிள்ளைக்கு எப்போதும் ஒரே உடுப்புதான். இதையெல்லாம் 1931-ல் பிட்டுப் பிட்டு வைத்தவர் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்த புள்ளியியலாளர் கோசெட். ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதியவர். 50 ஜோடி ஒரே உருவ இரட்டையர் போதுமே, செலவும் சொற்பம்தானே என்றார்.

● பால் சரியாகப் பாஸ்டரைஸ் ஆனதா என்று எப்படித் தெரியும்? பாலில் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இயற்கையாகவே உண்டு. காசநோய்க் கிருமியைக் கொல்லத் தேவையானதைவிடச் சற்றே அதிகச் சூட்டில்தான் அது அழியும். நொதி இல்லையா, கிருமியும் காலி. 1930-களில் கே, கிரஹாம் என்ற இருவர் கொண்டுவந்த இந்தச் சோதனைதான் இன்றும் பால் பண்ணைகளுக்குக் கைகொடுக்கிறது.

● 7 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசப் பாலை 1971-ல் நிறுத்திய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சருக்கு ‘பால் பிடுங்கி’ என்ற பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. மேல்நிலைப் பள்ளிப் பாலை 1968-லேயே நிறுத்திய தொழிற்கட்சிக்குப் பட்டம் எதுவும் இல்லை! 2010-ல் 5 வயதுக்குட்பட்டவர்களின் பாலிலும் கைவைக்க ஒரு யோசனை வந்தது. பிரதமர் அலுவலகம் அன்றைக்கே அதைக் கைகழுவிவிட்டது.