கில்வின்னிங் தாய் லாட்ஜ்

கில்வின்னிங் தாய் லாட்ஜ் என்பது ஸ்காட்லாந்தின் ஏர்சயர் பகுதியில் உள்ள கில்வின்னிங் என்னும் சிறு நகரில் இயங்கும் பிரீமேசன் அமைப்பாகும். ஸ்காட்லாந்துப் பெரும் லாட்ஜின் பட்டியலில் இதன் எண் 0 ஆகும். எடின்பரோவின் மேரி சேப்பல் லாட்ஜ் எண் 1 எனப் பட்டியலிடப்பட்டிருக்க, அதற்கும் முன்பாக இச்சிற்றூரின் லாட்ஜ் வைக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டில் எது மூத்தது என்ற வழக்கின் விளைவே இந்தச் சுழியம் எனலாம்.

பெயர்

'கில்' என்பது கேலிக் மொழியில் கோயிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. எனவே கில்வின்னிங் என்பது வின்னிங் என்னும் புனிதரின் கோயில் எனப் பொருள்படும்.

லாட்ஜ் என்ற சொல் இங்குத் தங்கும் விடுதியைக் குறிப்பதன்று. இடைக்காலத்தில் பேராலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்தின் அருகே கொட்டகை அமைத்து அதில் கல் செதுக்கினர், உணவு உண்டனர், ஓய்வெடுத்தனர். அக்கொட்டகையே லாட்ஜ் எனப்பட்டது. பின்னர் அங்குக் கூடிய தொழிலாளர் குழுவுக்கும் அது பெயராயிற்று. கில்வின்னிங் லாட்ஜிடமிருந்து பட்டயம் பெற்றுப் பல லாட்ஜுகள் தோன்றியமையால் இது 'தாய்' என அழைக்கப்படுகிறது.

தோற்றம் பற்றிய மரபு

கார்னக் ஆற்றங்கரையில் அமைந்த கில்வின்னிங் துறவிமடம் 12ஆம் நூற்றாண்டில் திரோனியத் துறவியருக்காக நிறுவப்பட்டது. இம்மடத்தைக் கட்ட வந்த கல்தச்சர்களே இந்த லாட்ஜைத் தொடங்கினர் என்பது ஊர் மரபு. மடம் 1560ஆம் ஆண்டுச் சமயச் சீர்திருத்தத்தை அடுத்துச் சிதைவுற்றது. மரபினை உறுதிப்படுத்தும் அக்கால ஆவணம் எதுவும் இல்லை.

மரபுக்கு வெளிநாட்டிலும் வளர்ச்சி ஏற்பட்டது. ஏர் நகரில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ஆண்ட்ரூ மைக்கேல் ராம்சே, 1730களில் தாம் உருவாக்கிய புகழ்பெற்ற உரையில், 1286ஆம் ஆண்டிலேயே கில்வின்னிங்கில் ஒரு லாட்ஜ் இருந்ததாகவும், பிரபுக்கள் பலர் அதில் சேர்க்கப்பட்டதாகவும் கூறினார். இதற்குச் சான்று கிடையாது. எனினும் ஐரோப்பாவில் பின்னர் உருவான உயர்படிச் சடங்குகள் சிலவற்றில் கில்வின்னிங் என்ற பெயர் இடம்பெற இவ்வுரை காரணமாயிற்று.

ஷா சட்டங்கள்

உறுதியான வரலாறு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் கட்டுமானத் தலைவரான வில்லியம் ஷா, 1598 டிசம்பர் 28 அன்று கல்தச்சர்களுக்கான சட்டங்களை வெளியிட்டார். அவற்றுள் சில:

* தொழில் பழகுபவர் குறைந்தது ஏழு ஆண்டுகள் பயில வேண்டும். அதன்பின் மேலும் ஏழு ஆண்டுகள் கழிந்தே அவர் முழுத் தொழிலாளராகச் சேர்க்கப்படலாம்.
* சிறப்பு அனுமதியின்றி ஒரு தலைமைத் தச்சர் தம் வாழ்நாளில் மூவருக்கு மேல் பழகுநரை ஏற்கலாகாது.
* சாரம் உறுதியாகக் கட்டப்பட வேண்டும். கவனக்குறைவால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால், பொறுப்பான தலைமைத் தச்சர் பின்னர் எந்நாளும் பிறருக்குக் கீழேயே பணிபுரிய வேண்டும்.

சரியாக ஓராண்டு கழித்து, 1599 டிசம்பர் 28 அன்று இரண்டாம் சட்டத் தொகுதி வெளிவந்தது. இது கில்வின்னிங் லாட்ஜின் உரிமைகளைத் தனியே வரையறுத்தது. எடின்பரோ முதலாவது, கில்வின்னிங் இரண்டாவது, ஸ்டெர்லிங் மூன்றாவது என வரிசை கூறப்பட்டது. கிளாஸ்கோ, ஏர் உள்ளிட்ட மேற்குப் பகுதிகளின் மேற்பார்வை கில்வின்னிங்கிற்கு அளிக்கப்பட்டது. உறுப்பினரின் நினைவாற்றலைச் சோதிக்க வேண்டும் என்ற விதியும் இதில் உண்டு. தொழிற் குழுக்கள் சடங்கும் மறைச்செய்தியும் கொண்ட சங்கங்களாக மாறியதை ஆராய்வோர் இவ்விதியை முக்கியமான சான்றாகக் கொள்கின்றனர்.

தொழிலாளர் குழுவிலிருந்து சங்கமாக

லாட்ஜின் எஞ்சியுள்ள கூட்டக் குறிப்பேடுகள் 1642 முதல் கிடைக்கின்றன. தொடக்கக் குறிப்புகள் பெரும்பாலும் தொழில் சார்ந்தவை. பழகுநரைச் சேர்த்தல், கட்டணம், தண்டம் ஆகியன அவற்றில் பதியப்பட்டுள்ளன. 'கோவன்' எனப்பட்டவர்களுக்கு வேலை தரலாகாது என்ற தடை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கக் குறிப்புகளில் காணப்படுகிறது. கல்தச்சர்களின் இரகசியச் சொல்லை அறியாதவரே கோவன் என அங்கு விளக்கப்படுகிறார். அச்சொல் ஒருவகையில் தொழில் உரிமச் சீட்டாகப் பயன்பட்டது என இதனால் அறியலாம்.

1670களில் காசிலிஸ், எக்லிண்டன் ஆகிய பிரபுக் குடும்பத்தினர் லாட்ஜின் பொறுப்புகளில் இடம்பெற்றனர். உளியைத் தொட்டறியாத இவர்களின் வருகையால் அமைப்பின் தன்மை மாறலாயிற்று. 1677இல் எடின்பரோவை அடுத்த கேனன்கேட் பகுதியில் தனக்குக் கீழ் ஒரு லாட்ஜ் இயங்கக் கில்வின்னிங் இசைவளித்தது. அது கேனன்கேட் கில்வின்னிங் லாட்ஜ் எனப்படுகிறது.

மூப்பு வழக்கு

1736 நவம்பர் 30 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்துப் பெரும் லாட்ஜ் நிறுவப்பட்டது. கேனன்கேட் கில்வின்னிங் உறுப்பினரான ரோஸ்லின் வில்லியம் செயின்ட் கிளேர் முதல் பெருந்தலைவரானார். லாட்ஜுகளின் வரிசை, அவை காட்டும் ஆவணங்களின் பழமையைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது.

மேரி சேப்பல் லாட்ஜிடம் 1599 ஜூலை மாதக் கூட்டக் குறிப்பு இருந்தது. கில்வின்னிங்கிடம் 1642க்கு முந்தைய ஏடு எதுவும் இல்லை. எனவே கில்வின்னிங் இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டது. அதன் முறையீடு ஏற்கப்படாமையால் 1743 அளவில் அது பெரும் லாட்ஜிலிருந்து விலகியது.

அடுத்த அறுபதாண்டுக் காலம் கில்வின்னிங் தனியே இயங்கியது. ஸ்காட்லாந்தில் மட்டுமன்றி வர்ஜீனியா, அயர்லாந்து ஆகிய இடங்களிலும் புதிய லாட்ஜுகளுக்குப் பட்டயம் வழங்கியது. ஒரே நாட்டில் பட்டயம் வழங்கும் அமைப்புகள் இரண்டு இருந்தமை குழப்பத்திற்கு இடமளித்தது. ஆயினும் இரு தரப்பு உறுப்பினரும் முற்றிலும் பிரிந்து வாழவில்லை. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1781இல் டார்போல்டன் சிற்றூரில் பிரீமேசன் ஆனார். 1784இல் அவர் துணைத்தலைவரான அவ்வூர் செயின்ட் ஜேம்ஸ் லாட்ஜ், கில்வின்னிங்கிடம் பட்டயம் பெற்றுத் தோன்றியதாகும்.

1807ஆம் ஆண்டு உடன்பாடு

1807இல் இரு தரப்பினரும் உடன்பாடு கண்டனர். கில்வின்னிங் பட்டயம் வழங்கும் உரிமையைக் கைவிட்டுத் தன் கிளை லாட்ஜுகளோடு பெரும் லாட்ஜில் மீண்டும் இணைந்தது. அதற்கு ஈடாக, தாய் கில்வின்னிங் என்ற பெயருடன் பட்டியலின் தலைப்பில் எண்ணின்றி இடம் பெற்றது. அதன் தலைவரே ஏர்சயரின் மாகாணப் பெருந்தலைவராக இருப்பார் என்பதும் ஏற்கப்பட்டது. எண்ணற்ற அவ்விடமே பின்னர் 0 எனக் குறிக்கப்படலாயிற்று. மேரி சேப்பல் தன் முதல் எண்ணை இழக்கவில்லை. கில்வின்னிங்கும் இரண்டாவதாக நிற்க நேரவில்லை.

1891இல் மெல்ரோஸ் நகரின் பழைய லாட்ஜ் பெரும் லாட்ஜில் இணைந்தபோதும் இத்தகைய வழி கையாளப்பட்டது. அதற்கு 1² என்ற எண் தரப்பட்டது.

பிற்காலச் சான்று

1599ஆம் ஆண்டு இரண்டாம் ஷா சட்டங்களின் பிரதி, 19ஆம் நூற்றாண்டில் எக்லிண்டன் குடும்ப ஆவணங்களிடையே கண்டெடுக்கப்பட்டது. வழக்கு நடந்தபோது இது எவர் கையிலும் இல்லை. கில்வின்னிங்கை இரண்டாவது லாட்ஜ் என்றே இது கூறுவதால், முதன்மைக் கோரிக்கைக்கு இது துணை நிற்கவில்லை. ஆனால் அவ்வரிசை பழைய எழுத்துகளால் ஏற்கெனவே அறியப்பட்டது என்றும் இது குறிப்பிடுகிறது. ஆகவே 1642க்கு நெடுங்காலம் முன்பே கில்வின்னிங்கில் மதிப்புமிக்க லாட்ஜ் இருந்தது என்பது இதனால் உறுதிப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டுத் தோற்றம் இன்றும் மரபாகவே உள்ளது.

கட்டடம்

17ஆம் நூற்றாண்டில் உறுப்பினர் ஊரிலுள்ள வீட்டு மேல்மாடியில் கூடியதாகக் குறிப்பேடு கூறுகிறது. தற்போதைய கட்டடம் 1893ஆம் ஆண்டைச் சேர்ந்தது. துறவிமடத்தின் இடிபாடுகள் இதன் அருகே காணப்படுகின்றன.