பன்னிரண்டாம் சுருள்

கெப்பாலா பத்தாசை அடுத்த பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்காகப் பலர் அங்கே வருகிறார்கள். மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானால், அங்கானாலும் வேறெங்கானாலும், ஆய்வறிக்கையில் ஒரு வரி இருக்கும்: ஈஆர் பாசிட்டிவ், அல்லது ஈஆர் நெகட்டிவ். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு, சிலருக்குப் பத்து ஆண்டுகளுக்கு, மாத்திரை உண்டா இல்லையா என்பது அந்த வரியைப் பொறுத்தது. அதன் பொருளை நோயாளியும் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. 595 அமினோ அமிலங்களால் ஆன புரதம். மனித உடலில் இது உட்பட உட்கரு ஏற்பிகள் 48 உண்டு. தைராய்டு ஹார்மோனுக்கு, கார்டிசாலுக்கு, வைட்டமின் டிக்கு என்று தனித்தனியே இருக்கின்றன. இன்சுலின் உயிரணுவின் வெளிப்புறத்திலேயே நின்றுவிடும். ஈஸ்ட்ரோஜன் கொழுப்பில் கரைவதால் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகிறது. அங்கே அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமே டிஎன்ஏவிலும் அமர்ந்து மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

இப்படியொரு பொருள் இருப்பதை 1950களின் இறுதியில் காட்டியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன். கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை இளம் எலிகளுக்குச் செலுத்தினார். ரத்தத்தில் அது குறைந்த பிறகும் கருப்பையில் தங்கியிருந்தது, எந்த வேதிமாற்றமும் அடையாமல். ஹார்மோன் வேதிவினையில் செலவாகிறது என்ற அன்றைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

ஏற்பியின் நடுப்பகுதியில் இரண்டு துத்தநாக விரல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு துத்தநாக அணுவை நான்கு சிஸ்டீன்கள் பிடித்திருக்கின்றன. இந்த விரல்களால்தான் அது டிஎன்ஏவில் தன் இடத்தை அடையாளம் காண்கிறது. பின்பகுதியில் பன்னிரண்டு சுருள்கள் சேர்ந்து ஒரு குழியை அமைக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குழிக்குள் அமர்ந்ததும் பன்னிரண்டாம் சுருள் மேலே வந்து மூடிக்கொள்ளும். அப்படி மூடியபோது வெளிப்புறத்தில் உருவாகும் பள்ளத்தில் துணைப் புரதங்கள் வந்து ஒட்டும், மரபணு வேலை செய்யத் தொடங்கும், உயிரணு பெருகும்.

இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் 1962இல் கருத்தடை மருந்துக்கான தேடலில் உருவானது, தொடக்கத்தில் சொன்ன மாத்திரைகளில் ஒன்றான டமாக்சிஃபென். அந்த வேலைக்கு அது உதவவில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் குழிக்குள் அதுவும் நுழையும்; அதன் நீண்ட பக்கக்கிளை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தூக்குச்சட்டிக்குள் நீளக் கரண்டியைப் போட்டால் மூடி அமராதே, அப்படித்தான். 1998இல் வெளியான எக்ஸ்-கதிர்ப் படம் இன்னொன்றையும் காட்டியது: இடமில்லாமல் போன பன்னிரண்டாம் சுருள், துணைப் புரதம் ஒட்ட வேண்டிய பள்ளத்திலேயே போய்ப் படுத்துக்கொள்கிறது. ஒரே அசைவில் இரண்டு தடை. இந்தப் புரதத்தைப் பற்றி நான் அறிந்தவற்றில் என்னை மிகவும் வியக்கவைத்தது இதுதான்.

ஆய்வுக்கூடத்தில் கட்டியின் துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனுக்குச் சீவுகிறார்கள். ஏற்பியைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தை அதன்மேல் விடுகிறார்கள். ஏற்பி இருந்தால் நீலப் பின்னணியில் உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும். நூற்றில் ஒரு புற்றணு பழுப்பானாலே பாசிட்டிவ் என்பது இன்றைய வரையறை. பத்து மார்பகப் புற்றுகளில் ஏறக்குறைய ஏழு இந்த வகை.

கட்டி போய்விட்டதே என்று இரண்டாம் ஆண்டிலேயே மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மருந்து விலகினால் குழி காலியாகும், ஈஸ்ட்ரோஜன் மறுபடியும் வந்து அமரும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இன்னொன்று: கருப்பையின் உட்சுவரில் டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு கண்டால் உடனே சொல்லிவிட வேண்டும்.

பரவிய நோய்க்கு நெடுநாள் ஹார்மோன் சிகிச்சை பெற்ற சிலருக்கு ஏற்பியே மாறிவிடுகிறது. 537ஆம் இடத்து டைரோசின் செரினாக மாறினால், ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே பன்னிரண்டாம் சுருள் மூடிக்கொள்ளும். இத்தகைய மாற்றங்கள் உள்ளவர்களுக்கான எலாசெஸ்ட்ரான்ட் மாத்திரைக்கு 2023 ஜனவரியில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அது ஏற்பியைத் தடுப்பதோடு சிதைக்கவும் செய்கிறது. ரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் டிஎன்ஏவில் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைக் கொடுக்கிறார்கள்.